கொட்டிலில் உருவாகும் மோட்டார் வண்டி

தெருவிலே ஒரு மோட்டார் வண்டி போகின்றது. அதைப் பார்ப்பவர் அதன் நிறத்தைப் பார்ப்பார், வடிவத்தைப் பார்ப்பார், வேகத்தைக் கண்டு வியப்பார். ஆனால், கதவுக்கும் அதன் நிலைக்கும் இடையே மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக ஓடுகின்ற மெல்லிய இடைவெளியை எவரும் பார்ப்பதில்லை. எஞ்சினை மூடுகின்ற பொனெற் இரு பக்கமும் சமமாகப் படிந்து கிடப்பதையும் எவரும் கவனிப்பதில்லை. அவை செம்மையாக அமைந்திருக்கும்வரை கண்ணில் படுவதில்லை. பிழையாக அமைந்துவிட்டாலோ, கண் அங்கேயே போய் நிற்கும்.

பெரிய தொழிற்சாலைகளில் இந்த ஒழுங்கை உண்டாக்குவதற்கு மாபெரும் அழுத்துபொறிகள் உண்டு. தகடுகளை இடம் பிசகாமல் பிடித்துக்கொள்ளும் இரும்புப் பிடிப்புச் சட்டங்களும் உண்டு. ஒரே அச்சில் வார்த்தவைபோல ஆயிரம் கதவுகள் அங்கே வெளிவருகின்றன. ஆனால், வீட்டுப் பின்புறத்துக் கொட்டிலில், ஓய்வு நேரத்தில், தன் கையாலேயே ஒரு ஸ்போர்ட்ஸ் காரைக் கட்டி முடிக்க முனைபவனுக்கு இவற்றில் ஒன்றுமே இல்லை. ஓர் அரம், ஒரு துறப்பணம், ஓர் அளவுகோல், அவற்றோடு அவனுடைய பொறுமை: இவையே அவனுடைய தொழிற்சாலை.

இப்படி வீட்டிலே கார் கட்டும் பழக்கம் இங்கிலாந்தில் வேரூன்றிய கதை சுவையானது. 1948 ஆம் ஆண்டில், இலண்டனின் வட பகுதியில், கொலின் சப்மன் என்ற இளைஞர் ஒருவர் பழைய ஒஸ்ரின் செவன் வண்டியொன்றின் அடிச்சட்டத்தை எடுத்து, அதன்மேல் புதிய உடலொன்றைக் கட்டினார். அந்த வேலை நடந்த இடம், பின்னாளில் அவருக்கு மனைவியாக வாய்த்த ஹேசல் வில்லியம்ஸ் என்னும் பெண்மணியின் பெற்றோர் வீட்டுக் கார்க்கொட்டில். மரஒட்டுப் பலகையின்மேல் அலுமினியத் தகட்டை ஒட்டிய பலகைகளே அந்த வண்டியின் உடலாயின. அதுவே லோட்டஸ் என்னும் பெயர் பெற்ற முதலாவது வண்டி. 1952 இல் சப்மன் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். அந்த ஆண்டிலே வந்த லோட்டஸ் ஆறாம் இலக்க வண்டி முழுக் காராக அன்றி, வாங்குபவரே பூட்டிக்கொள்ள வேண்டிய உறுப்புக்களின் தொகுதியாக விற்கப்பட்டது.

இதற்கு வரிச்சட்டமும் ஒரு காரணம். அக்காலத்தில் பிரித்தானியாவில், பூட்டி முடித்த புதிய காரொன்றை வாங்கினால் கொள்வனவு வரி என்ற ஒரு வரியைச் செலுத்த வேண்டும். உறுப்புக்களாக வாங்கினால் அந்த வரி இல்லை. ஆகவே, கையில் பணம் குறைந்தும் மனத்தில் ஆசை மிகுந்தும் இருந்தோர் உறுப்புத் தொகுதியையே நாடினர். 1957 இல் லோட்டஸ் செவன் என்னும் புகழ்பெற்ற சிறு வண்டி வெளிவந்தபோது ஒரு வேடிக்கையும் நிகழ்ந்தது. வரி விலக்குப் பெறவேண்டுமாயின் பூட்டும் முறையை விளக்கும் குறிப்பேட்டைத் தொகுதியோடு கொடுக்கக் கூடாது என்பது விதி. வண்டியைக் கழற்றும் முறையைப் பற்றி விதி ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே, கழற்றும் முறையை விளக்கும் குறிப்பேடு ஒன்றைக் கொடுத்தார்கள். வாங்கியவர் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கிப் படித்துக்கொண்டு வண்டியைக் கட்டினார்.

1973 இல் அந்தக் கொள்வனவு வரி நீங்கி, பெறுமதி சேர் வரி அதன் இடத்துக்கு வந்தது. வரிச் சலுகை போயிற்று. ஆனால் பழக்கம் போகவில்லை. அதே ஆண்டில் செவன் வண்டியைச் செய்யும் உரிமையைக் கேற்றர்ஹாம் நிறுவனம் பெற்றுக்கொண்டது. இன்றும் அந்த வண்டியை உறுப்புத் தொகுதியாக வாங்கி வீட்டிலே கட்டுவோர் இருக்கின்றனர். தொகுதியைக்கூட வாங்காமல், இரும்புக் குழாயிலிருந்தே தொடங்குவோரும் உளர். 1996 இல் ரொன் சாம்பியன் என்பவர், 250 பவுண் அளவிலான சிறு செலவிற்கூட இத்தகைய வண்டியொன்றைச் செய்யலாம் என்று ஒரு நூல் எழுதினார். அதைப் படித்துவிட்டுக் கொட்டிலில் விளக்கேற்றியவர் பலர்.

எஞ்சினைப் பூட்டுவதும், சில்லுகளை மாட்டுவதும், பிரேக் குழாய்களை ஓடவிடுவதும் கடினமான வேலைகள் என்று புறத்தே நிற்பவர் நினைப்பர். அவை பொறுப்பான வேலைகள் என்பதில் ஐயமில்லை. ஆயினும், அவற்றில் ஓர் ஆறுதல் உண்டு. போல்ட்டுக்கு ஒரு துளை இருக்கின்றது. துளைக்கு ஓர் அளவு இருக்கின்றது. இறுக்கவேண்டிய விசைக்கும் ஒரு கணக்கு இருக்கின்றது. செய்தது சரியா, பிழையா என்பது உடனே தெரிந்துவிடும். உடற்றகடுகளைப் பொருத்தும் கட்டம் வந்ததும் இந்த ஆறுதல் மறைந்துவிடுகின்றது. பல இடங்களில் துளையே இருப்பதில்லை. அதை எங்கே போடுவது என்பதைக் கட்டுபவனே தீர்மானிக்கவேண்டும். ஒருமுறை போட்ட துளையை மீண்டும் போடாததாக ஆக்க எவராலும் முடியாது.

இந்த வண்டிகளின் உடல் பெரும்பாலும் இரண்டு பொருள்களால் ஆகின்றது. ஒன்று அலுமினியத் தகடு. மற்றையது பைபர் கிளாஸ் என்று வழங்கும் கண்ணாடியிழை. இரண்டும் இலேசானவை, இரண்டும் துருப்பிடிக்காதவை. ஆனால், இரண்டின் குணமும் வேறு. ஒன்றை நடத்துவதுபோல மற்றதை நடத்த முடியாது.

முதலில் அலுமினியத்தை எடுத்துக்கொள்வோம். செவன் போன்ற வண்டியின் எலும்புக்கூடு மெல்லிய உருக்குக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாக ஒட்டிச் செய்த ஒரு சட்டம். லோட்டஸ் ஆறாம் இலக்க வண்டியின் வெறுஞ் சட்டம் 55 இறாத்தல் மாத்திரமே நிறையுடையது. தகடுகளும் தாங்கிகளும் சேர்ந்தபோதும் அது 90 இறாத்தலைத் தாண்டவில்லை. இவ்வளவு இலேசான சட்டத்துக்கு, அடித்தளத்திலும் பக்கங்களிலும் தைக்கப்படும் அலுமினியத் தகடு சட்டை மாத்திரமன்று, தசையுமாகும். வண்டி திரும்பும்போது சட்டம் முறுக்கிக்கொள்ளாமல் அந்தத் தகடே இழுத்துப் பிடிக்கின்றது. ஆகவே, தகட்டைத் தளர்வாகத் தைத்தால் அழகு மட்டும் கெடுவதில்லை, பலமும் கெடும்.

அனுபவமுள்ளவர் அலுமினியத்தில் முதலில் கை வைக்கமாட்டார். தடித்த மட்டையொன்றை எடுத்துச் சட்டத்தின்மேல் வைத்து, வெட்டி, மடித்து, திருத்தி, அது சரியாகப் பொருந்திய பின்னரே அதன் அளவைத் தகட்டிலே குறிப்பார். மட்டை பிழைத்தால் சில சதம் நட்டம். தகடு பிழைத்தால் ஒரு நாள் உழைப்பே நட்டம். வெட்டிய தகட்டின் விளிம்பை அரத்தால் இழைத்து மழுக்கவேண்டும். இல்லாவிட்டால் அது கத்தியாகிவிடும். பின்னர் தகட்டைச் சட்டத்தின்மேல் வைத்து, நடுவில் ஒரு துளை போட்டு, தற்காலிகமாகப் பிடிக்கும் ஊசியொன்றை அதில் மாட்டுவார்கள். நடுவிலிருந்து இரு பக்கமுமாகத் துளைகள் நகர்ந்து செல்லும். ஒரு மூலையில் தொடங்கி மறுமூலைக்குப் போனால், வழியில் சேர்ந்த சிறு சிறு பிழைகள் யாவும் கடைசியில் ஒரு பெரிய வீக்கமாகத் திரண்டு நிற்கும். அந்த வீக்கத்தை விரலால் அழுத்தினால் வெற்றுத் தகரப்பேணியை அழுத்துவதுபோல உள்ளே போகும். விட்டதும் வெளியே வரும்.

எல்லாத் துளைகளும் ஒத்துவந்த பின்பு, தகட்டை மீண்டும் கழற்றவேண்டும். இதுதான் புதியவர்களுக்குப் புரிவதில்லை. பொருந்திவிட்டதே, இனி ஏன் கழற்றவேண்டும் என்று அவர்கள் கேட்பார்கள். துளை போடும்போது எழுந்த பிசிர்களை நீக்கவேண்டும். உருக்கும் அலுமினியமும் நேரே தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் நீர் புகுந்தால், மின்கலத்தினுள் நிகழ்வது போன்ற ஓர் அரிப்பு நிகழ்ந்து அலுமினியம் வெண்பொடியாக உதிரத் தொடங்கும். இங்கிலாந்தில் மாரிகாலத்தில் தெருவிலே பனிக்கட்டி உறையாதிருக்க உப்பைத் தூவுவார்கள். அந்த உப்புநீர் அரிப்பை மேலும் விரைவுபடுத்தும். எனவே, இரண்டு உலோகங்களுக்கும் நடுவே காப்புப் பசையொன்றைப் பூசியே தகட்டை மீண்டும் வைப்பர். அதன் பின்னரே தறையாணி அடிக்கப்படும். வழக்கமாக எட்டிலொரு அங்குலம், அதாவது ஏறத்தாழ 3.2 மில்லிமீற்றர் தடித்த தறையாணி. துளை அதைவிட மயிரிழை அளவே பெரியதாக இருக்கவேண்டும். துளை பெருத்துவிட்டால் ஆணி இறுகாது. ஆணி இறுகாவிட்டால் வண்டி ஓடும்போது தகடு கிறீச்சிடும்.

வெயிலும் தன் பங்கைக் கேட்கும். ஒரு மீற்றர் நீளமுள்ள அலுமினியத் தகடு, வெப்பம் முப்பது பாகை உயரும்போது ஏறக்குறைய 0.7 மில்லிமீற்றர் நீளும். அதே அளவு உருக்குக் குழாய் அதில் ஏறத்தாழப் பாதியே நீளும். மனிதனின் நகத்தைவிட அதிகம் தடிக்காத வேறுபாடுதான். ஆயினும், நாற்புறமும் தைத்த தகடு விம்மிப் புடைப்பதற்கு அந்த வேறுபாடும் காரணமாகின்றது.

இனிக் கண்ணாடியிழையைப் பார்ப்போம். நம் நாட்டுக் கரையோரங்களில் மீன்பிடிக்கும் படகுகள் பல இப்பொருளாலேயே செய்யப்படுகின்றன. ஆதலால் இது நேயர்களுக்குப் புதியதன்று. அச்சொன்றின் உட்புறத்தில் முதலில் வழவழப்பான மேற்பூச்சொன்றைப் பூசுவர். அதன்மேல் கண்ணாடி நாரால் ஆன பாயை விரித்து, ரெசின் என்னும் பிசினை ஊட்டி, அது இறுகிய பின் அச்சிலிருந்து பிரித்தெடுப்பர். 1953 இல் அமெரிக்காவில் செவ்ரொலே கொர்வெற் வண்டி இப்பொருளால் ஆன உடலோடு வெளிவந்தது. பேரழுத்தப் பொறிகள் இல்லாமலே வளைந்த வடிவங்களைச் செய்ய முடிந்தமையால், சிறு உற்பத்தியாளருக்கு இது வரப்பிரசாதமாயிற்று. 1960 இல் வந்த இரண்டாம் வரிசை லோட்டஸ் செவனில், அதற்கு முன் அலுமினியத்தால் செய்யப்பட்ட மூக்குப் பகுதி கண்ணாடியிழைக்கு மாறியது.

ஆனால், பிசின் இறுகும்போது சுருங்கும். தடிப்பு ஓரிடத்தில் கூடி ஓரிடத்தில் குறைந்தால் சுருக்கமும் கூடிக் குறையும். நன்றாக இறுகுமுன் அச்சிலிருந்து எடுத்துவிட்டால், பொருள் தன் வடிவத்தை மெல்ல மறந்து வளையும். ஒரே அச்சிலிருந்து பிறந்த இரண்டு கதவுகள்கூட முற்றும் ஒத்திருப்பதில்லை. தொகுதியைத் திறந்து தகட்டை எடுத்துச் சட்டத்தின்மேல் வைத்தவுடன் அது அச்சொட்டாகப் பொருந்தும் என எதிர்பார்ப்பவன் ஏமாந்து போவான். அதைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் பூட்டிவிடாமல், தாங்கலான நிலையில் வைத்துச் சில காலம் ஆறவிடுவது நல்லது என்பர். புதிதாக அறுத்த பலகையை ஆறவிடாமல் கதவு செய்யத் துணியாத தச்சனின் அறிவும் இதுவே.

கண்ணாடியிழையில் துளை போடுவதற்கும் ஒரு முறை உண்டு. மேற்பூச்சு கண்ணாடிபோல உடையும் தன்மையது. துறப்பணத்தின் கூர்முனை அதை அவசரமாகத் தாக்கினால், துளையைச் சுற்றி நட்சத்திர வடிவில் கீறல்கள் ஓடும். அன்று தெரியாத கீறல் ஆறு மாதத்தின் பின் வர்ணத்தை உடைத்துக்கொண்டு வெளிப்படும். எனவே, துளைக்கும் இடத்தில் ஒட்டு நாடாவை ஒட்டி, அதன்மேல் அடையாளமிட்டு, துறப்பணத்தை முதலில் எதிர்ப்புறமாகச் சுழலவிட்டு மேற்பூச்சைத் தேய்த்துக் கடப்பர். பிறகே நேர்ச் சுழற்சி. போல்ட்டு நேரே தகட்டை நெரிக்காமல் அகன்ற வாசர் ஒன்றையும் இறப்பர்த் துண்டொன்றையும் இடையில் வைப்பர். முகத்தை மூடிக்கொள்வதும் அவசியம். இழைத்த தூள் தோலில் பட்டால் அரிக்கும். மூச்சோடு உள்ளே போனால் அதைவிடக் கேடு.

பொருள்களின் குணம் அறிந்தபின் வருவதே உண்மையான சோதனை: ஒன்றை மற்றொன்றோடு இணக்குவது. செவன் வண்டியின் முன்புறத்தை எண்ணிப் பார்க்கலாம். முன்னால் மூக்கு, பின்னால், சாரதியின் முன்னுள்ள கண்ணாடியைத் தாங்கும் மேற்பகுதி. இவை இரண்டுக்கும் நடுவே, தனியே தூக்கி எடுக்கக்கூடிய நீண்ட பொனெற். மூக்கு தன்னளவில் அழகாக அமர்ந்திருக்கலாம். அதன் போல்ட்டுகள் நேராக இருக்கலாம். ஆனால், அது இடப்பக்கம் மூன்று மில்லிமீற்றர் சரிந்திருந்தால் அந்தச் சரிவை மூக்கு காட்டாது, பொனெற்தான் காட்டும். பொனெற்றின் ஒரு பக்கத்து இடைவெளி ஒடுங்கியும் மறுபக்கத்து இடைவெளி விரிந்தும் நிற்கும். அதைக் காண்பவன் பொனெற்றைக் குறை கூறுவான். அதன் விளிம்பை அரத்தால் தேய்க்கத் தொடங்குவான். பொனெற்றிலோ ஒரு பிழையும் இல்லை. தேய்த்து முடித்தபின் மூக்கின் சரிவு கண்ணில் படும். மூக்கை நேராக்கினால், தேய்த்த பொனெற் இப்போது உண்மையாகவே பிழைத்துவிடும்.

இதனாலேயே முதிர்ந்த கைவினைஞர் ஒரு விதியை விடாமல் கடைப்பிடிப்பர். எல்லாத் தகடுகளும் தத்தம் இடத்தில் வந்து அமரும்வரை எந்தத் தகட்டையும் முற்றாக இறுக்குவதில்லை. மூக்கை இரண்டு பிடிகளால் தற்காலிகமாக நிறுத்துவர். பொனெற்றை அதன்மேல் வைப்பர். சட்டத்தின் நடுக்கோட்டை நூல் கட்டிக் குறித்து, அதிலிருந்து இருபுறமும் அளப்பர். பிழை தெரிந்தால், அது எங்கே தெரிகின்றது என்று பாராமல், எங்கே பிறந்தது என்று தேடுவர். சில வேளைகளில் அந்தத் தேடல் மூக்கையும் கடந்து, சட்டத்தில் ஒட்டிய ஒரு சிறு தாங்கிவரை செல்லும்.

கதவுள்ள வண்டிகளில் இந்த வேலை இன்னும் நுட்பமாகின்றது. 1962 இல் வந்த ஏ.சி. கோப்றா என்ற வண்டியின் உடல் அலுமினியத் தகட்டைக் கையால் வளைத்துச் செய்யப்பட்டது. அசலாகச் செய்யப்பட்டவை ஏறக்குறைய ஆயிரமே. ஆகையால் அதன் சாயலைக் கண்ணாடியிழையில் செய்து, தொகுதியாக விற்கும் தொழில் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் வளர்ந்தது. அத்தகைய வண்டியில் கட்டுபவன் முதலில் செய்யவேண்டியது, பெரிய உடற்கூட்டைச் சட்டத்தின்மேல் இறக்கிச் சதுரம் பார்ப்பது. அடுத்தது கதவு. கதவுக்குப் பின்னரே பொனெற்றும் பின்பெட்டி மூடியும். இந்த வரிசை தற்செயலானதன்று. கதவு பிணைச்சலில் தொங்குவது, திறந்து மூடுவது, பூட்டில் விழுந்து நிற்பது. அதற்கு விட்டுக்கொடுக்கும் இடம் மிகக் குறைவு. ஆகவே, அசைக்க அரியதை முதலில் நிறுத்தி, அசைக்க எளியதை அதற்கு இணங்கச் செய்வதே முறை.

கதவைப் பொருத்தும்போது வண்டி மரக்குற்றியின்மேல் நிற்கக் கூடாது. தன் சில்லுகளின்மேல், தன் பாரத்தோடு நிற்கவேண்டும். பாரம் ஏறியதும் சட்டம் இம்மியளவு வளையும். அந்த இம்மியே கதவின் இடைவெளியை மாற்றிவிடும். ஒரே தடிப்புள்ள மரச்சீவல்களைக் கதவைச் சுற்றி நான்கு பக்கமும் செருகி, 4 அல்லது 5 மில்லிமீற்றர் இடைவெளி எங்கும் ஒன்றாக இருக்குமாறு கதவை நிறுத்துவர். பிணைச்சலின் கீழ் மெல்லிய தகட்டுத் துண்டொன்றை வைத்தால் கதவின் மறுமுனை உயரும். ஒன்றை எடுத்தால் தாழும். பிணைச்சலில் ஒரு மில்லிமீற்றர் மாற்றினால் பூட்டுப் பக்கத்தில் அது பல மில்லிமீற்றராகப் பெருகும். இப்படிச் செய்தும் ஒழியாத பிழையை, இடைவெளி அகன்ற இடத்தில் பிசினும் நாரும் சேர்த்து வளர்த்தும், ஒடுங்கிய இடத்தில் அரத்தாளால் தேய்த்தும் தீர்ப்பர். இங்கே ஒரு எச்சரிக்கை உண்டு: வர்ணமும் இடம் பிடிக்கும். வர்ணம் பூசுமுன் மட்டுமட்டாக அமைத்த கதவு, பூசியபின் விளிம்பில் உரசி வர்ணத்தை உதிர்க்கும்.

இவ்வாறெல்லாம் விதிகள் இருந்தும், பிழைப்போர் பிழைத்துக்கொண்டே இருக்கின்றனர். அறியாமை அதற்குக் காரணமன்று, ஆசையே காரணம். ஒருவன் ஓராண்டாக, ஈராண்டாக, வேலை முடிந்து வீடு வந்தபின் கொட்டிலிலே குழாய்களோடும் கம்பிகளோடும் போராடியிருக்கின்றான். மனைவி பொறுத்திருக்கின்றாள். அயலார் சிரித்திருக்கின்றனர். வீட்டுக் கார் மழையிலே நிற்க, கொட்டிலில் ஒரு எலும்புக்கூடு குடியிருக்கின்றது. அப்பொழுது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில், மகன் ஒரு முனையைப் பிடிக்க, அவன் மறுமுனையைப் பிடித்து, உடற்கூட்டைச் சட்டத்தின்மேல் இறக்குகின்றான். எலும்புக்கூடு ஒரு நொடியில் காராகிவிடுகின்றது. வீட்டார் எல்லோரும் வந்து பார்க்கின்றனர். இனி இதை மறுபடி தூக்குவதா? நான்கு துளை போட்டு, நான்கு போல்ட்டு இறுக்கிவிட்டால் இன்றிரவே முடிந்துவிடுமே என்று மனம் சொல்லும்.

அந்த மாலை நேரமே இந்த வேலையின் ஆபத்தான நேரம். ஓராண்டு உழைப்பையும், சேர்த்துவைத்த பணத்தையும் அந்த நான்கு துளைகள் கெடுத்துவிடக் கூடும். துறப்பணத்தைக் கீழே வைத்துவிட்டு, விளக்கை அணைத்து, காலை வெளிச்சத்தில் மறுபடியும் அளந்து பார்ப்பவனே வெற்றி பெறுகின்றான். பதறாத காரியம் சிதறாது என்று நம் முன்னோர் சொன்னது இத்தகைய வேளையை எண்ணித்தான் போலும்.

இது அழகைப் பற்றிய காரியம் மாத்திரமன்று. பிடி சரியாக விழாத பொனெற் வேகத்திலே காற்றால் தூக்கப்பட்டு, சாரதியின் கண்ணை மறைத்துவிடும். மட்காட் சில்லுக்கு மிக நெருங்கி நின்றால், வண்டி மேட்டில் ஏறி இறங்கும்போது டயரை அறுக்கும். சில்லை இருபுறமும் முழுதாகத் திருப்பியும், சுருளைத் தாழ அழுத்தியும் பார்க்காமல் மட்காட்டை நிலைநிறுத்துவது மூடத்தனம். தெருவில் நடப்பவரையும் நினைக்கவேண்டும். பிரித்தானியாவில் தனியாள் கட்டிய வண்டியைத் தெருவுக்கு விடுமுன் அரச பரிசோதனைக்கு உட்படுத்தும் முறை 1998 இல் ஏற்பட்டது. 2009 இல் இன்னும் விரிவான பரிசோதனை அதற்குப் பதிலாக வந்தது. பரிசோதகர் 100 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஓர் உருண்டையைக் கொண்டு வண்டியின் வெளிப்புறத்தை ஆராய்வார். அந்த உருண்டை தொடக்கூடிய விளிம்புகள் குறைந்தது 2.5 மில்லிமீற்றர் ஆரையுடன் உருண்டு மழுங்கியிருக்கவேண்டும். விலக்குகள் சில உண்டு. ஆயினும் பொதுவிதி இதுவே. வழிப்போக்கர் ஒருவர் வண்டியில் மோத நேரிட்டால், கூரான தகட்டு விளிம்பு அவரை வெட்டிவிடக் கூடாது என்பதே இதன் கருத்து. இரவு நேரத்தில் கொட்டிலில், எவரும் காணப்போவதில்லை என்று கூர் மழுக்காமல் விட்ட விளிம்பு, பகல் வெளிச்சத்தில் பரிசோதகரின் உருண்டைக்குத் தப்புவதில்லை.

எல்லாம் பொருந்தி, எல்லாக் கோடுகளும் ஒத்துவந்த பின் இன்னுமொரு வேலை காத்திருக்கின்றது. பல வண்டிகளில் உடல் முழுவதையும் மீண்டும் கழற்றவேண்டும். வர்ணம் பூசுவதற்காகக் கதவும் பொனெற்றும் மூடியும் ஒவ்வொன்றாக வெளியேறும். ஒவ்வொரு பிணைச்சலின் கீழும் எத்தனை தகட்டுத் துண்டுகள் இருந்தன என்பதைத் தாளில் எழுதி, துண்டுகளைச் சிறு உறைகளில் இட்டுப் பெயரெழுதி வைப்பவன், வர்ணம் உலர்ந்தபின் ஒரு நாளில் அனைத்தையும் பூட்டிவிடுவான். நினைவை நம்பியவன் முழு வேலையையும் முதலிலிருந்து செய்வான். அதுவும் புதிய வர்ணத்தின்மேல், கை நடுங்க.

ஆயத்தமாகக் கிடைக்கும் பொருள்கள் மலிந்த இக்காலத்தில், ஒருவன் ஏன் இத்தனை துன்பப்படவேண்டும் என்று கேட்கலாம். முன்னர் வரி மிச்சமாயிற்று. இப்பொழுது அதுவும் இல்லை. செலவழிக்கும் மணித்தியாலங்களைக் கூலியாகக் கணக்கிட்டால், கடையில் வாங்கிய காரே இலாபம். ஆயினும், வீட்டிலே கார் கட்டியவன் தன் வண்டியைப் பற்றி அறிந்திருப்பது, அதை வாங்கியவன் அறிந்திருப்பதிலும் வேறானது. எந்தத் தகடு எதைத் தாங்குகின்றது, எந்த ஆணி எதற்காக அங்கே இருக்கின்றது, எந்த இடத்தில் மூன்று முறை தோற்று நான்காம் முறை வென்றான் என்பதெல்லாம் அவன் விரலுக்குத் தெரியும். வண்டி ஓடும்போது புதியதோர் ஓசை கேட்டால், அது எங்கிருந்து வருகின்றது என்று அவனுக்குச் சொல்ல வேறொருவர் தேவையில்லை.

வண்டி தெருவுக்கு வந்த நாளில், பார்ப்பவர்கள் நிறத்தைப் பார்ப்பார்கள், வடிவத்தைப் பார்ப்பார்கள். கதவின் ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக ஓடுகின்ற அந்த மெல்லிய கோட்டை எவரும் பார்க்கமாட்டார்கள். கட்டியவன் மாத்திரம், வண்டியைப் பூட்டிவிட்டு வீட்டுக்குள் போகுமுன், அந்தக் கோட்டின்மேல் ஒருமுறை விரலை ஓட்டிப் பார்ப்பான்.